‘ஒண்ணும் வேணாம்’ என்று சொல்கிறவர்களுக்கு

சொந்தக்காரர்களிடம் இன்ன சாமான் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்பது மரியாதையா, மரியாதைக் கேடா? தீபாவளி நெருங்க நெருங்க எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இந்த இழுபறி நடக்கும். ஆனால் யாரும் நேராகப் பேச மாட்டார்கள். கேட்டு வாங்குவது கேவலம், கொடுப்பதை வாங்கிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. கேட்பதுதான் மரியாதை என்பேன், கேட்கத் தெரிந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

இதைப் பேச எனக்கு என்ன தகுதி என்றால், இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற ஹட்டன் டவுனில் ஒரு கொமினிகேஷனில் சில வருஷம் வேலை பார்த்தேன். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், போட்டோகொப்பி, ரீலோட், வெளிநாட்டுக் கோல் எல்லாம் ஒரே இடத்தில் நடக்கிற சின்னக் கடைக்குப் பேர் கொமினிகேஷன். இப்போது எல்லார் கையிலும் வாட்ஸ்அப் வந்துவிட்டது. அப்போது குவைத்துக்கோ ஜோர்தானுக்கோ பேசுவதென்றால் கடைக்குள் இருக்கிற பலகைக் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேச வேண்டும். சாத்தினாலும் பிரயோசனம் இல்லை, குவைத்துக்கே நேராகக் கேட்க வேண்டும் என்கிற மாதிரித்தான் எல்லாரும் கத்துவார்கள். அதனால் மலையகத்து ஆட்கள் சொந்தத்திடம் எப்படிக் கேட்பார்கள் என்று எனக்கு மனப்பாடம்.

"ஒண்ணும் வேணாம்மா, நீ நல்லா இருந்தாப் போதும்" என்று ஆரம்பிக்கும். அப்புறம் கொஞ்ச நேரம் மழையைப் பற்றி. அப்புறம், "இந்த வருஷம் பனி ஜாஸ்தி, அந்தப் பழைய கம்பளியும் எலி கடிச்சிருச்சு" என்று ஒரு தகவல். அப்புறம், "பக்கத்துக் காம்பரா பொண்ணு அவங்க அம்மாவுக்கு இத்தாம் பெரிய போர்வை அனுப்பியிருக்கா, பூப்போட்டது" என்று இன்னொரு தகவல். கடைசியில் மறுபடியும், "ஒண்ணும் வேணாம், நீ ஒன்னப் பாத்துக்க." கூண்டுக்கு வெளியே மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தப் பக்கம் இருக்கிற மகளுக்குப் புரியாமலா இருக்கும்? புரியும். ஆனால் என்ன புரியும்? கம்பளியா, பூப்போட்ட போர்வையா, ஒரு ஆளுக்கா, இரண்டு ஆளுக்கா? அவள் ஆகப் பெரியதை நினைத்துக்கொண்டு அதற்குக் காசு சேர்க்கத் தொடங்குவாள். அம்மாவுக்கு வேண்டியிருந்தது தோளில் போட்டுக்கொண்டு காலையில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்குப் போகிற மாதிரி ஒரு சின்னக் கம்பளியாக இருக்கும்.

சாடையாகச் சொல்வதை நாம் கேட்காமல் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். கேட்டாயிற்று, என்ன கேட்டோம் என்று மட்டும்தான் சொல்லவில்லை. நம் மானம் காப்பாற்றப்பட்டது, யோசிக்கிற வேலையும் செலவும் கொடுக்கிறவர் தலையில் விழுந்தது. இதில் மரியாதை எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

அதுவும் யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். குவைத்தில் இருக்கிறாள் என்றதும் நாம் ஒரு கணக்குப் போடுவோம், ஒரு தினார் ஏறக்குறைய நம் ஆயிரம் ரூபாய், அவளுக்கு என்ன குறை என்று. அந்த நாட்டில் வீட்டு வேலை செய்பவர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் என்று 2016இல் வைத்ததே மாதம் 60 தினார்தான். அதற்குள் இங்கே இருக்கிற கடன், பிள்ளைகளின் டியூஷன், அம்மாவின் மருந்து, கூரைத் தகரம் எல்லாம் அடங்க வேண்டும். இங்கிருந்து ஒரு தம்பி, "அக்கா, நல்ல போன் ஒண்ணு" என்று ஒரு வரி மெசேஜ் போடுவான். நல்ல போன் என்று அவன் மனசில் இருப்பது அவளுடைய இரண்டு மாதச் சம்பளமாக இருக்கலாம், மூன்று மாதமாகவும் இருக்கலாம். இல்லை என்று சொல்ல வாய் வராமல் கூட வேலை செய்கிறவளிடம் கடன் வாங்கி அனுப்புவாள். "இந்த மொடல், இவ்வளவுக்குள்ள, முடியாட்டி வேணாம்" என்று கேட்டிருந்தால் அவளும் யோசித்துப் பதில் சொல்லியிருப்பாள். "நல்லதாப் பாத்து அனுப்பு" என்ற பேச்சையே முதலில் நிறுத்த வேண்டும். நல்லதுக்கு விலை வரம்பே கிடையாது.

போன் விஷயத்தில் இப்போது இன்னொரு தலையிடியும் இருக்கிறது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவு இல்லாத போன்கள் இங்கே சிம் போட்டால் வேலை செய்யாது என்று 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். அதனால் கேட்கிறவன், அவள் கடையில் நின்று காசு கொடுக்கும் முன்பே இங்கே விசாரித்து வைக்க வேண்டும். *#06# அழுத்தினால் வருகிற 15 இலக்கத்தைக் கேட்டு வாங்கி, பதிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதும் அவன் வேலை. அதுகூட முடியாது என்றால் ஹட்டனிலேயே ஒரு போன் வாங்கிக்கொள்ளட்டும்.

சரி, தாய்மாமன் சீருக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு வயிறு எரியும். பிள்ளை பெரியவளாகிவிட்டாள் என்று செய்தி போனதும் மாமன் போன் எடுப்பார்.

"என்னாக்கா, என்ன மாதிரி செய்யணும்?"

"ஒன் இஷ்டம் தம்பி, நான் என்னத்தச் சொல்றது?"

இதைவிடக் கொடுமையான பதில் உலகத்தில் கிடையாது. இஷ்டம் என்று விட்டால் அவர் தன் இஷ்டத்தையா பார்க்கப் போகிறார்? மேல் லயத்தில், அதாவது மேலே இருக்கிற தோட்டத்து வரிசை வீடுகளில், போன மாசம் நடந்த சடங்குக்கு எத்தனை தட்டு வந்தது என்று விசாரிப்பார். அங்கே இருபத்தொன்று என்றால் இங்கே முப்பத்தொன்று. பழத்தட்டு, இனிப்புத்தட்டு, வளையல் தட்டு, சொக்கலட்டைக் கோபுரமாக அடுக்கிய தட்டு, கடைசியில் என்ன வைப்பது என்று தெரியாமல் டெடி பியரை உட்கார வைத்து ஒரு தட்டு. அந்த மாமன் யார்? தோட்டத்தில் பேர் போடுகிற, அதாவது நாட்கூலிக்கு வேலை செய்கிற மனுசன். நாட்சம்பளம் 1350 ரூபாய் ஆனதே 2024இல்தான். அதுவும் தோட்டம் கேட்கிற வேலை முடியவில்லை என்றால் அரைப் பேர்தான், பாதி நாள் சம்பளம்தான் விழும். அவர் சீட்டை முன்கூட்டியே கழிவு போட்டு எடுப்பார், மனைவியின் தோட்டை அடகு வைப்பார். நாலு நாளில் பழம் அழுகும், டெடி பியர் பொலித்தீன் உறையோடு அலுமாரிக்கு மேலே ஏறும், அந்தத் தோடு மட்டும் அடகுக் கடையிலேயே இருக்கும்.

எங்கள் சொந்தத்தில் ஒரு அக்கா இதை மாற்றிச் செய்தார். தம்பி கேட்டதும் மூச்சு விடாமல் சொன்னார்: "தட்டு ஏழு போதும். பவுன் விக்கிற விலைக்கு நகையப் பத்திப் பேசாத. பிள்ள தரையில குந்தித்தான் படிக்கிறா, மடக்கி வைக்கிற மாதிரி ஒரு மேசையும் ஒரு கதிரையும் வாங்கிக் குடு, அதுதான் ஒன் சீரு." மாமன் மேளச் சத்தத்தோடு மேசையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தபோது கொஞ்சப் பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவருடைய மகள் இப்போது பின்னேரங்களில் அந்த மேசைக்குத்தான் கணக்குப் படிக்க வருகிறாள். மாமனுக்கும் பெருமை, சபையில் வைத்தது தன் பேரில் இன்னும் நிற்கிறது என்று.

மடக்கி வைக்கிற மேசை என்று அந்த அக்கா குறிப்பாகச் சொன்னதைக் கவனித்திருப்பீர்கள். லயத்து வீட்டை எட்டடிக் காம்பரா என்று சும்மாவா சொல்கிறோம்? பத்தடிக்குப் பன்னிரண்டடி என்றே வைத்துக்கொண்டாலும் அதற்குள் ஒரு குடும்பம் படுக்க வேண்டும், சாமி படம் இருக்க வேண்டும், டீவி இருக்க வேண்டும், மழைக்காலத்தில் துணி காய வேண்டும். அந்த வீட்டுக்குக் கொழும்பில் இருக்கிற பெரியப்பா அன்பு மிகுதியில் மூன்று பேர் உட்காருகிற சோபா கொண்டுவந்து இறக்கினால் என்ன செய்வது? இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில் போட்டால் நனையும், உள்ளே போட்டால் பாய் விரிக்க இடம் இல்லை. வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. கொடுக்கிறவருக்கு நம் வீட்டின் அளவு தெரியாது, தெரிந்தாலும் மறந்திருப்பார், டவுனில் இருந்து பழகினால் மறந்துதான் போகும். சொல்ல வேண்டியது நாம்.

கல்யாணப் பரிசுகளைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. சுவர் மணிக்கூடு, கண்ணாடித் தம்ளர் செட், பிளாஸ்க், மறுபடியும் சுவர் மணிக்கூடு. சுவரே நாலுதான், அதிலும் ஒன்றில் கதவு. அண்ணன் தம்பிமார் நாலு பேர் சேர்ந்து ஒரு காஸ் அடுப்பும் சிலிண்டரும் வாங்கிக் கொடுத்தால் கல்யாணப் பெண் விறகு பொறுக்கப் போகாமல் இருப்பாள். ஆனால் நாலு பேரையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டுமே, அதற்கு யாராவது ஒருவர் வாய் திறக்க வேண்டுமே. அங்கேதான் எல்லாரும் மௌன விரதம். இதில் வேடிக்கை என்னவென்றால், மொய் விஷயத்தில் நமக்கு இந்தக் கூச்சம் கொஞ்சமும் கிடையாது. வாசலில் மேசை போட்டு, நோட்டு விரித்து, பேர், தோட்டம், தொகை எல்லாம் பேனாவால் எழுதி வைத்து, பத்து வருஷம் கழித்து அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறோம். காசைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாக இருக்கிற நாம் ஒரு அடுப்பின் பேரைச் சொல்ல வெட்கப்படுவது என்ன நியாயம்?

யார் யாரிடம் கேட்கலாம் என்பது தனிக்கதை. மருமகள் தாய்மாமனிடம் கேட்கலாம், சண்டை போட்டும் கேட்கலாம், அது அவள் உரிமை. அத்தையிடம் கேட்கலாம். அம்மாயியிடம் கேட்க வேண்டியதே இல்லை, நாம் கேட்பதற்குள் முந்தானை முடிச்சை அவிழ்த்துவிடுவார், அதனாலேயே அவரிடம் கேட்கக் கூடாது. சித்தப்பாவிடம் கேட்டால் அது சித்தியின் காதிலும் விழுகிற மாதிரிக் கேளுங்கள். அண்ணனிடம் தனியாகக் கேட்டு வாங்கிய சாமானுக்கு அண்ணியின் முகம் அடுத்த தீபாவளி வரைக்கும் கணக்கு வைத்திருக்கும், அதில் அண்ணி மேல் பிழை சொல்லவும் முடியாது, அந்தக் குடும்பத்துச் செலவுக்கு அவரும்தானே பொறுப்பு. நான் பார்த்த வரையில் மறைத்துக் கேட்கிற எதுவும் நல்லபடி முடிந்ததில்லை.

சம்பந்தி வீட்டில் கேட்பதை நான் இந்தப் பேச்சில் சேர்க்கவே மாட்டேன். தலைத்தீபாவளிக்கு மாப்பிள்ளை மோதிரம் கேட்டார், மாப்பிள்ளையின் அம்மா பிரிட்ஜ் கேட்டார் என்றெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். இல்லை என்று சொன்னால் ஒரு பெண் அங்கே பேச்சுக் கேட்க வேண்டி வரும் என்றால் அது பரிசு கிடையாது, சீதனத்தின் அடுத்த தவணை. அதைக் கேட்பதற்கு நாகரிகமான வழி என்று ஒன்று இல்லை.

எங்கள் தாத்தா காலத்து ஆட்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருந்திருக்கிறார்கள். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபோது மலையகத்து ஆட்களில் 525,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று முடிவானது. அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் ஒரே குடும்பம் இரண்டாகப் பிரிந்தது, அக்கா கோத்தகிரியில், தம்பி தலவாக்கலையில். தலைமன்னாரில் கப்பல் ஏற்றிவிட்ட பிறகு மிச்சம் இருந்தது கடிதம் மட்டும்தான். எழுபதுகளில் இங்கே துணிக்கும் தட்டுப்பாடு, சாப்பாட்டுக்கும் தட்டுப்பாடு. பிள்ளைக்குச் செருப்பு வேண்டும் என்றால் வெள்ளைத் தாளில் பிள்ளையின் காலை வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து, கடிதத்தோடு மடித்து அனுப்புவார்களாம். அம்மா சொல்வார், கோட்டுக்கு ஒரு விரல் வெளியே இன்னொரு கோடும் போடுவார்களாம், செருப்பு வந்து சேருவதற்குள் கால் வளர்ந்துவிடும் என்று. அளவும் சொல்லியாயிற்று, காலதாமதமும் கணக்கில் வந்தாயிற்று. யாராவது ஊருக்கு வரும்போது அந்தச் செருப்பு பத்திரமாக வந்து சேரும். இதில் கூச்சப்பட என்ன இருந்தது? வேண்டியதைச் சொன்னார்கள், முடிந்தவர்கள் அனுப்பினார்கள், முடியாதவர்கள் அடுத்த கடிதத்தில் முடியவில்லை என்று எழுதினார்கள்.

இன்றைக்குப் பிள்ளையின் சப்பாத்து அளவு எத்தனை என்று அனுப்புகிறவர் கேட்டால், "பத்து வயசுப் பிள்ளைக்குப் போடுற அளவு" என்கிறோம். பத்து வயசில் எத்தனை விதமான கால் இருக்கிறது! இங்கே கடைகளில் ஒரு இலக்கம், டுபாயில் இருக்கிற கடையில் வேறு இலக்கம், இரண்டையும் ஒன்று என்று நினைத்து வாங்கினால் காசு வீண். சென்டிமீட்டரில் அளந்து சொல்லிவிட்டால் எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

இந்தியாவில் இருக்கிற சொந்தத்திடம் கேட்கிறவர்கள் விழுகிற குழி வேறு. இரண்டு பக்கமும் ரூபாய். "ஆயிரம் ரூபாய்க்குள்ள ஒரு சுடிதார் எடுத்துட்டு வாங்க அத்தை" என்று இங்கிருந்து சொன்னால் அத்தை சென்னையில் இருந்துகொண்டு அவருடைய ஆயிரத்துக்கு எடுப்பார். அது நம் காசில் மூவாயிரத்தையும் தாண்டும். நாம் காசு கொடுக்கிறதாகச் சொல்லியிருந்தால் நமக்கு அதிர்ச்சி, அவர் பரிசாகத் தருகிறதாக இருந்தால் அவருக்குச் சுமை. எந்த ரூபாய் என்று சொல்லிவிடுங்கள். மிக்ஸி கேட்கிறவர்கள் இன்னும் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், அங்கே உருண்டைப் பின், இங்கே இப்போது சதுரப் பின் சுவிட்ச்தான் போடுகிறார்கள், இடையில் ஒரு அடப்டர் வேண்டும். வெட் கிரைண்டர் கேட்கவே கேட்காதீர்கள். கல்லைத் தூக்கிக்கொண்டு பிளேன் ஏறுகிறவர் தன் துணிமணியை அங்கேயே விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 ஒக்டோபரில் கப்பல் திரும்ப ஓடத் தொடங்கியதும் எங்கள் வீட்டில் முதலில் வந்த பேச்சே கிரைண்டரைப் பற்றித்தான், அதை யாழ்ப்பாணத்தில் இருந்து ஹட்டனுக்கு பஸ்ஸில் யார் தூக்கி வருவது என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை.

நேராகக் கேட்க நமக்கு வராது என்று சொல்கிறவர்களுக்கு நான் 2022 நெருக்கடியை ஞாபகப்படுத்துவேன். அந்த வருஷம் மார்ச்சில் 400 கிராம் பால்மா பக்கெட் 790 ரூபாய்க்குப் போனது, அதுவும் கடையில் இருந்தால்தான். மருந்து இல்லை, காஸ் இல்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. அப்போது யாரும் சாடை பேசவில்லை. "பிள்ளைக்குப் பால்மா, அப்பாவுக்குப் பிரஷர் குளிசை, இந்தப் பேர், இத்தனை மில்லிகிராம், ஒரு மாசத்துக்கு" என்று குளிசை அட்டையைப் படம் பிடித்து அனுப்பினார்கள். அனுப்பியவர்களுக்கும் குழப்பம் இல்லை, கேட்டது அப்படியே வந்தது. மே மாதம் தமிழ்நாட்டில் இருந்து அரசாங்கமே கப்பலில் அரிசியும் பால்மாவும் மருந்தும் அனுப்பியது. கஷ்டம் கழுத்துக்கு வந்தால் நன்றாகக் கேட்கத் தெரிகிறது. கழுத்துக்கு வராத காலத்திலும் அதே மாதிரிக் கேட்டால் என்ன?

எப்போது கேட்பது என்பதிலும் நிறையப் பேர் தவறுகிறார்கள். தோட்டம் கொடுக்கிற தீபாவளி அட்வான்ஸ் கையில் வந்த அன்றைக்குத் தோட்டத்து மாமனிடம் போய்க் கேட்பார்கள், அவர் கையில் காசு இருக்கிறது என்று. அது அவர் காசு இல்லை, வருகிற மாதங்களின் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்கப் போகிற கடன். அதில் இருந்து நமக்கு ஒரு சாமான் என்றால் அவர் அதை அடுத்த வருஷம் வரைக்கும் கட்டுவார். கொழும்புப் புறக்கோட்டைக் கடைகளில் நிற்கிற தம்பிமாரிடம் தீபாவளிக்கு முதல் நாள் கேட்பது இன்னொரு அநியாயம். அன்றைக்கு இரவு வரைக்கும் கடையில் நின்று மற்றவர்களுக்குத் துணி விற்றுவிட்டு, நடுச்சாமத்தில் நெருக்குப்பட்டு பஸ் ஏறி வருகிறவன் அவன். ஒரு மாசத்துக்கு முன்பே சொல்லுங்கள், நிறம், அளவு, விலை எல்லாம் எழுதி அனுப்புங்கள், அவன் வசதிப்பட்ட நாளில் எடுத்து வைப்பான். மத்திய கிழக்கில் இருந்து கப்பல் கார்கோவில் பெட்டி வருவதென்றால் ஆடி மாசத்திலேயே சொல்ல வேண்டும்.

"முடிஞ்சாப் பாருங்க, இல்லாட்டியும் பரவால்ல" என்று முடிப்பதை நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன், ஆனால் அதைச் சொல்கிறவர் மெய்யாகவே அப்படி நினைக்க வேண்டும். இல்லாட்டியும் பரவால்ல என்று சொல்லிவிட்டு, வராமல் போனதும் அடுத்த வீட்டுச் சடங்கில் பார்த்தும் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர்களை எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவர்கள் கேட்காமலே இருக்கலாம். கொடுக்கிற பக்கத்திலும் ஒரு கடமை இருக்கிறது, முடியாது என்றால் நேரத்தோடு சொல்லிவிட வேண்டும். "பாப்போம், பாப்போம்" என்று ஐப்பசி வரைக்கும் இழுத்தால் அந்தப் பிள்ளை வேறு யாரிடமும் கேட்காமல் காத்துக்கொண்டிருக்கும்.

சின்னப் பிள்ளைகள் இதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிற எங்கள் வீட்டு வாண்டு ஒன்று, நுவரெலியாவில் இருக்கிற சித்திக்கு வொய்ஸ் மெசேஜ் போட்டது: "சித்தி, எனக்கு சட்டை வேணாம், நீங்க எடுக்கிற சட்டை எப்பவும் பெருசு. கடந்தகால வினாத்தாள் புக் வேணும், தமிழ் மொழிமூலம்." பெரியவர்கள் பதறிப்போய் மன்னிப்புக் கேட்க ஓடினார்கள். சித்தி விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அந்தப் புத்தகத்தை அடுத்த வாரமே அனுப்பினார். சட்டையைப் பற்றிச் சொன்னதை மட்டும் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம், மற்றப்படி நூற்றுக்கு நூறு.

இவ்வளவும் நாங்கள் மற்றவர்களிடம் கேட்பதைப் பற்றி. மற்றவர்கள் எங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான், அது எல்லாருக்கும் தெரியும். "மலையில இருந்துதான வர்ற, நல்ல தேயிலத்தூள் கொஞ்சம் கொண்டு வா."

முதலில், அது சும்மா கிடைக்கிற சாமான் இல்லை. தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மாசா மாசம் தருகிற தூள் வேறு, நீங்கள் நினைக்கிற தூள் வேறு. நல்ல தூள் கொழும்பு ஏலத்துக்குப் போய், அங்கிருந்து கப்பல் ஏறிவிடும். நாங்களும் கடையிலோ பெக்டரி விற்பனை நிலையத்திலோ காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம். அது பரவாயில்லை, சொந்தத்துக்கு வாங்கிக் கொடுப்பதில் எங்களுக்கும் சந்தோஷம்தான். ஆனால் எந்தத் தூள் என்று ஒருத்தராவது சொல்ல வேண்டாமா? சென்னை அத்தைக்கு நான் பார்த்துப் பார்த்து உயர்நிலத்துப் பி.ஓ.பி.எஃப்., அதாவது சின்னதாக உடைந்த இலைத் தூள் ரகம், வாங்கிப் போய்க் கொடுத்தேன். பால் காய்ச்சி, அதிலேயே தூளைக் கொட்டி, கொதிக்க வைத்துக் குடித்துவிட்டு, "என்னம்மா இது, நிறமே இல்ல, சிலோன் டீன்னு சொன்ன?" என்றார். நிறம் எப்படி வரும் அத்தை? உங்கள் ஊர்த் தூள் இயந்திரத்தில் நசுக்கி உருண்டையாக வருகிறது, பாலோடு கொதிக்க வைப்பதற்கென்றே இருக்கிறது. எங்கள் மலைத்தூள் வாசத்துக்குப் பேர் போனது, நிறம் மெலிசாகத்தான் இருக்கும், சுடுதண்ணீர் ஊற்றி மூடி வைத்து, வெறும் தேத்தண்ணியாகக் குடித்தால்தான் அதன் அருமை தெரியும். உங்களுக்கு வேண்டியது டஸ்ட், ரொம்பப் பொடியான ரகம், இறுக்கமான சாயம் வருகிறது. அது விலையும் குறைவு. கேட்டிருந்தால் என் காசும் மிச்சம், உங்கள் பாலும் மிச்சம்.

அதனால் வருகிற முறை கேட்கும்போது மூன்று விஷயம் சொல்லுங்கள்: டஸ்டா பி.ஓ.பி.எஃப்.ஆ, பாலுக்கா வெறும் தேத்தண்ணிக்கா, எத்தனை கிராம். யாழ்ப்பாணத்துப் பெரியம்மா கரட்டும் லீக்ஸும் சேர்த்துக் கேட்பார், அது தருவேன், ஆனால் பஸ்ஸில் நசுங்கினால் நான் பொறுப்பு இல்லை. தீபாவளிக்கு முதல் வாரம் மட்டும் எதுவும் கேட்க வேண்டாம், அந்த வாரம் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் கையில் ஒரு பையும் இல்லாமல் வந்தாலே ஏற இடம் கிடைக்காது.